ஒற்றையடி

அந்த அம்மா ஒதுங்கி நின்ற விதம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. கோத்தகிரிக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்தின் நடுவே நேராகச் சரிவில் இறங்கும் ஒற்றையடிப் பாதை அது. காலை பதினொன்றரை மணி இருக்கும். நாங்கள் ஏழு பேர் மலைச் சைக்கிள்களில் ஒருவர் பின் ஒருவராக இறங்கிக்கொண்டிருந்தோம், நான் மூன்றாவது. ஒரு சில்வர் ஓக் மரத்தைச் சுற்றி வளைந்ததும் முன்னால் அவருடைய முதுகு தெரிந்தது. இடுப்பில் கட்டிய தார்ப்பாய், காலில் ரப்பர் செருப்பு, தலையில் கொழுந்து மூட்டை. எடை போடும் இடத்துக்குப் போகிறார் என்பது நடையிலேயே தெரிந்தது. அவர் எங்களைப் பார்க்கவில்லை, சத்தத்தைக் கேட்டார். கேட்டவுடன் திரும்பிக்கூடப் பார்க்காமல் இடது பக்கம் காலை எடுத்து வைத்து, கவாத்து முடிந்து வெறும் குச்சிகளாக நின்ற செடிகளுக்கு நடுவே புகுந்து நின்றுகொண்டார். மூட்டை ஒரு பக்கமாகச் சாய, கையை உயர்த்தி அதைத் தாங்கிக்கொண்டார். “போங்க சார், போங்க” என்றார். போனோம். கடந்துபோகும்போது ஒவ்வொருவரும் ‘தேங்க்ஸ்ம்மா’ என்றோம். பத்து விநாடிகூட ஆகியிருக்காது. யாருக்கும் அடிபடவில்லை, யாரும் முகம் சுளிக்கவில்லை. கீழே டீக்கடையில் உட்கார்ந்து, அன்றைக்கு நல்ல ரைடு என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். நானும் சொன்னேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இரண்டு வருடங்களாக, தூக்கம் வராத இரவுகளில் அந்தப் பாதையின் வளைவு எனக்கு நினைவுக்கு வருவதில்லை. குச்சிகளுக்கு நடுவே நின்ற அந்தக் கால்கள்தான் வருகின்றன.

அவர் கேட்ட சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சைக்கிளின் பின்சக்கர அச்சுக்குள் ஒரு பல்வட்டம் இருக்கிறது. அதன் மேல் ஸ்பிரிங் தாங்கிய சின்னஞ்சிறு கொக்கிகள் சாய்ந்திருக்கும். பெடலை மிதிக்கும்போது கொக்கிகள் பல்லில் மாட்டிக்கொண்டு சக்கரத்தை இழுக்கும்; அப்போது சத்தம் இருக்காது. மிதிப்பதை நிறுத்தி வண்டியைத் தன்போக்கில் உருளவிட்டால், கொக்கிகள் பல்லுக்குப் பல் தாவி விழும். அந்தக் கிடுகிடு சத்தம் இரவில் சில்வண்டு கூட்டமாகக் கத்துவதைப் போல இருக்கும். விலை கூடிய அச்சுகளில் பற்கள் அதிகம், சத்தமும் அதிகம். எங்கள் கூட்டத்தில் சிலர் அந்தச் சத்தத்துக்காகவே அச்சை மாற்றியிருக்கிறார்கள். கேட்க இன்பமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது கால் ஓய்ந்திருக்கும்போது மட்டுமே வருகிற சத்தம் என்பதை அந்த நாளுக்குப் பிறகுதான் யோசித்தேன். மலை இழுத்துக்கொள்கிறது, நாம் சும்மா நிற்கிறோம் என்று அது அறிவிக்கிறது. காலையிலிருந்து சரிவில் நின்று கொழுந்து பறித்து, அதைச் சுமந்து இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பாதையிலிருந்து விலகச் செய்தது, ஓய்வில் இருக்கும் ஏழு ஜோடிக் கால்களின் சத்தம்.

இப்படி எழுதும்போதே என் கூட்டத்துக்கு அநியாயம் செய்கிறேனோ என்று தோன்றுகிறது. அவர்கள் வசதி படைத்த பொழுதுபோக்காளர்கள் அல்லர். ஒருவர் எலக்ட்ரீஷியன். ஒருவர் அரசுப் பள்ளி ஆசிரியர். ஒரு தம்பி கல்லூரியில் படிக்கிறான். ஊருக்குப் பக்கத்து ஹட்டியில், அதாவது படுகர் கிராமத்தில், அவன் வீடு. இருவர் கோயம்புத்தூரிலிருந்து வெள்ளிக்கிழமை இரவே வண்டியை பஸ்ஸின் கூரையில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள். இவர்களில் ஒருவருடைய அம்மா இன்றைக்கும் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். எல்லோருக்கும் மூத்தவர், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். செயின் அறுந்தால், டிஸ்க் வளைந்தால், டயர் கிழிந்தால் அவர்தான் மண்ணில் மண்டியிட்டு உட்கார்வார். ஒருமுறை கிழிந்த டயருக்கு உள்ளே பிஸ்கட் பாக்கெட் உறையை மடித்து வைத்து, அதிலேயே பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வரச் செய்தார். முன்னால் போகிறவர் பள்ளம் என்றால் கையை நீட்டிக் காட்டுவார், அது ஒவ்வொருவராகக் கடைசி ஆள் வரைக்கும் கைமாறி வரும். விழுந்தவரை விட்டுவிட்டு யாரும் போனதில்லை. விடியற்காலைக் குளிரில், வாயிலிருந்து ஆவி பறக்க, சின்ன கியரில் ஒரு மணி நேரம் ஏறும்போது யாரும் பேசமாட்டார்கள். மூச்சுச் சத்தம் மட்டும் வரிசையாகக் கேட்கும். மேலே போய்ச் சேர்ந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றினால் தலையிலிருந்து புகை எழும். மஞ்சு விலகி, கிழக்கே சமவெளி கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். அந்த இடத்தில் ஒரு ஆரஞ்சுப் பழத்தை ஏழாகப் பிய்த்துத் தின்றிருக்கிறோம். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நட்புகளில் கலப்பில்லாத நட்பு இதுதான். அதனால்தான் அந்தக் காட்சி வலிக்கிறது. முரடர்கள் செய்த காரியமாக இருந்தால் கோபப்பட்டு முடித்திருப்பேன்.

நாங்கள் அந்தப் பாதைகளை ‘சிங்கிள் டிராக்’ என்று சொல்கிறோம். தோட்டத்துக்காரர்கள் குறுக்குப் பாதை என்கிறார்கள். எழுத்தில் வருவது ஒற்றையடிப் பாதை. சிங்கிள் டிராக் என்ற சொல்லில் ஒரு தடம் மட்டும் இருக்கிறது, அதை யார் போட்டார்கள் என்பது இல்லை. ஒற்றையடி என்னும்போது அதில் கால் வந்துவிடுகிறது. அடி என்றால் பாதம், பாதம் எடுத்து வைக்கும் ஓர் எட்டு, பன்னிரண்டு அங்குலம், பாட்டின் வரி, மரத்தின் தூர், வாங்கிக்கொள்ளும் உதையும்கூட. இத்தனையும் ஒரே சொல்லில் கிடக்கிறது. ஒரு கால் மட்டும் வைக்கக்கூடிய அகலம் என்று பொருள் சொல்வார்கள். எனக்கோ, ஒரு கால் வைத்த இடத்திலேயே அடுத்த கால், அடுத்த ஆளின் கால், அடுத்த தலைமுறையின் கால் என்று வைத்து வைத்து உண்டானது என்றே அது கேட்கிறது. புல் முளைக்காமல் இருப்பதற்கு எத்தனை நடை வேண்டும் என்று யோசித்திருக்கிறீர்களா? மழைக்காலத்தில் இரண்டு மாதம் யாரும் நடக்காமல் விட்டால் உண்ணிச்செடி இரு பக்கமும் கைநீட்டி மூடிவிடும். திறந்திருக்கும் ஒவ்வொரு ஒற்றையடிப் பாதையும் நேற்றும் யாரோ அதில் நடந்தார்கள் என்பதற்குச் சாட்சி. அப்புறம் இன்னொரு சொல், ‘லைன்’. பாறைக்கும் வேருக்கும் நடுவே சக்கரம் எந்த வழியாகப் போக வேண்டும் என்று கண் முன்கூட்டியே தேர்ந்தெடுக்கும் கோட்டை நாங்கள் லைன் என்போம். ‘லைனைப் பாரு, கல்லைப் பார்க்காதே’ என்பது புதியவர்களுக்கு அண்ணன் சொல்லும் முதல் பாடம். அதே பாதை கீழே போய் முடியும் இடத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள் இருக்கின்றன. தோட்டத்துக்காரர்களுக்கு அதுவும் லைன்தான். எத்தனையோ முறை ‘லைன் நல்லா இருந்துச்சு’ என்று சொல்லிக்கொண்டே அந்த லைனைத் தாண்டிப் போயிருக்கிறோம்.

பாதை ஏன் அங்கே இருக்கிறது என்பதும் அந்த வீடுகளோடு சேர்ந்ததுதான். மலைச் சைக்கிளுக்காகப் பாதை வெட்டுகிறவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. பாதையின் சரிவு, மலைச்சரிவில் பாதிக்கு மேல் போகக் கூடாது. சராசரியாகப் பத்து சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். பாதையின் வெளிவிளிம்பு சற்றே தாழ்ந்திருக்க வேண்டும், தண்ணீர் பாதையில் ஓடாமல் அதைக் குறுக்கே கடந்து வழிந்துவிட வேண்டும். அழகான கணக்கு. கொழுந்து சுமப்பவரின் பாதை அதற்கு நேர் எதிராக, செடி வரிசைகளுக்கு நடுவே நேராகக் கீழே விழுகிறது. தலையில் பாரம் இருக்கும்போது சுற்றிப் போக யாருக்கும் மனம் வராது. எடைக்கு நேரமாகிறது, கழுத்து கேட்கிறது, உடம்பு குறுக்கு வழியைக் கண்டுபிடிக்கிறது. 1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் கோத்தகிரிப் பக்கம் ஏறி வந்தார் என்பதிலிருந்துதான் நீலகிரியின் கதையைப் பலரும் தொடங்குகிறார்கள். அவருக்கு முன்பே இந்த மலையில் பாதைகள் இருந்தன, மலைக்காரர்கள் சந்தைக்கும் மேய்ச்சலுக்கும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். தேயிலைக்கு நடுவே விழும் பாதைகள் அவற்றைவிட வயதில் குறைந்தவை. சிலவற்றைப் போட்ட கால்கள் இலங்கையிலிருந்து வந்தவை. 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று எழுதிக்கொண்டது. அப்படித் திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன. தனியார் தோட்டங்களுக்கும் பலர் போனார்கள். தாங்கள் ஒருநாளும் பார்த்திராத தாயகத்துக்குத் ‘திரும்பி’ வந்து, யாருக்கோ சொந்தமான மலையில் காலால் பாதை போட்டவர்கள் அவர்கள். அந்த அம்மாவின் வயதைப் பார்த்தால், கப்பலில் வந்த குழந்தையாக இருந்திருக்கலாம். கேட்டதில்லை.

சக்கரம் பாதையைக் கெடுக்கிறது என்பதுதான் என் உறுத்தலா என்று முதலில் நினைத்தேன். அதைத் தீர்த்துக்கொள்ளவும் முயன்றேன். அமெரிக்காவின் மொன்டானாவில் செய்து 1994இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. நடப்பவர், குதிரை, மோட்டார் சைக்கிள், மலைச் சைக்கிள் நான்கையும் மலைப் பாதைகளில் விட்டு, எது அதிக மண்ணைக் கிளப்புகிறது என்று பார்த்தார்கள். ஈரமான பாதையில் சக்கரங்களைவிடக் குளம்பும் காலும்தான் மண்ணை அதிகம் பெயர்த்தன. இதைப் படித்தபோது நெஞ்சில் ஒரு ஆசுவாசம் வந்தது. ஆனால் நீளவில்லை, ஏனென்றால் என் கண்ணால் பார்த்தது வேறொன்றும் இருக்கிறது. செம்மண் சரிவில், புதிதாக வந்த ஒருவர் பயத்தில் பின் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கிறார். சக்கரம் சுழல்வதை நிறுத்திவிட்டு ஏர்க்கொழுவைப் போல மண்ணைக் கீறிக்கொண்டே இழுபடுகிறது. நான்கு விரல் அகலத்தில், ஒரு விரல் ஆழத்தில் ஒரு கோடு. காய்ந்த நாளில் அது வெறும் கோடு. ஐப்பசியில் வடகிழக்கு மழை இறங்கும்போது தண்ணீர் அந்தக் கோட்டைத் தேடி வருகிறது. முதல் மழைக்கு விரல் ஆழம் கணுக்கால் ஆழமாகிறது, மூன்றாவது மழைக்கு முழங்கால். தண்ணீருக்கு வழிகாட்டிவிட்டால் அது என்ன செய்யும் என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2009 நவம்பரில் சரிவுகள் வீடுகளோடு இறங்கி 40க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதற்கும் சைக்கிளுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அதை அறிந்த மலையில் ஒரு சின்னக் கோட்டையும் சின்னதென்று விட்டுவிட முடிவதில்லை.

மழைக்குப் பிறகு ஒரு ஞாயிறு மண்வெட்டியோடு போய்ப் பாதையைச் சரிசெய்வது எங்கள் வழக்கம். பள்ளத்தில் கல்லடுக்கி, மண் போட்டு மிதித்து, குறுக்கே சின்ன வடிகால் வெட்டுவோம். தோட்டத்து மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வோம். ரிசர்வ் ஃபாரஸ்ட் எல்லைக்கல்லைத் தாண்டி ஒரு நாளும் சக்கரம் வைத்ததில்லை. மலையேறப் போனவர்களைப் பலிகொண்ட 2018 குரங்கணிக் காட்டுத்தீக்குப் பிறகு அதைச் சத்தியம்போலவே கடைப்பிடிக்கிறோம். இப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையில், பாதையின் குறுக்கே ஐந்தாறு இடங்களில் பதிந்திருந்த கற்களைப் பெயர்த்து ஓரமாகப் போட்டோம். இறங்கும்போது முன்சக்கரம் மோதித் தடுக்கியது, அதனால் எடுத்தோம். அந்த வழியாக வந்த பெரியவர் ஒருவர் சற்று நேரம் நின்று பார்த்தார். “அது காலூன்ற வச்ச கல்லு” என்றார். “மழையில மூட்டையோட இறங்கறப்ப வழுக்கும்ல, அதுக்கு.” அவர் குரலில் புகார் இல்லை, தகவல் சொல்லும் குரல்தான். கீழ்க்கல்லைக் காட்டி, “இது எங்கப்பா வச்சது” என்றும் சொன்னார். நாங்கள் தடங்கல் என்று பார்த்தது படி. சக்கரத்தின் கண்ணுக்கும் காலின் கண்ணுக்கும் ஒரே கல் இரண்டு பொருளாகத் தெரிகிறது. சரிசெய்கிறோம் என்ற நல்லெண்ணத்தோடு, அந்தப் பாதையை அறியாமலேயே எங்களுடையதாக ஆக்கிக்கொண்டிருந்தோம். கற்களை மறுபடி பதித்தோம். ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று அவர்தான் உட்கார்ந்து காட்டினார். காலின் தேய்வு எந்தப் பக்கம் வழவழப்பாக இருந்ததோ அந்தப் பக்கம்.

ஆனால் கல்லைத் திரும்ப வைத்த பிறகும் உறுத்தல் போகவில்லை. மண்ணுக்குச் செய்ததை மண்ணிலேயே சரிசெய்துவிடலாம். அந்த அம்மா ஒதுங்கியதை எங்கே சரிசெய்வது? ஒதுங்கு என்ற சொல்லை நம் நாட்டில் வெறும் போக்குவரத்துச் சொல்லாகச் சொல்லிவிட முடியாது. யார் தெருவின் நடுவில் நடக்கலாம், யார் ஓரத்தில், யார் எத்தனை அடி தள்ளி என்று கால்களுக்குக் கணக்கு வைத்திருந்த நாடு இது. 1924இல் வைக்கத்தில் சத்தியாகிரகம் நடந்தது கோயிலுக்குள் போவதற்காக அல்ல, கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காக. ஈரோட்டிலிருந்து பெரியார் போய்ச் சிறைப்பட்டது ஒரு தெருவில் கால் வைக்கும் உரிமைக்காக. இன்றைக்கும் சுடுகாட்டுக்குப் பிணத்தைக் கொண்டுபோகும் பாதைக்காக ஊர்கள் மோதிக்கொள்கின்றன. தோட்டத்தில் அதற்கு வேறொரு முகம் இருந்தது. துரை குதிரையில் வந்தால், பிறகு மோட்டார் சைக்கிளில் வந்தால், பாதையை விட்டு இறங்கித் தலையைக் குனிந்து நிற்க வேண்டும் என்று எங்கள் நண்பரின் பாட்டி சொல்வாராம். அந்த அம்மா யோசித்து ஒதுங்கவில்லை. யோசிக்கும் நேரமே அங்கே இல்லை. சத்தம் கேட்டது, கால் நகர்ந்தது. பின்னால் வருவது யார் என்று பார்க்காமலேயே ‘சார்’ என்று சொல்லக்கூடியதாக ஒரு கால் எத்தனை வருடத்தில் பழகுகிறது? ஹெல்மெட்டும் கண்ணாடியும் முட்டிக் கவசமும் போட்டிருந்த எங்கள் முகம் அவருக்குத் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. நாங்கள் யாராக இருந்தாலும் அந்த இடம் ஏற்கெனவே எங்களுக்காகக் காலியாக இருந்தது.

இந்த விளையாட்டு பிறந்த இடத்திலும் வழி யாருக்கு என்ற சண்டை உண்டு. கலிபோர்னியாவில் மரின் கவுண்டியின் மலைச்சாலை ஒன்றில் 1976 அக்டோபர் 21ஆம் தேதி சில இளைஞர்கள் பழைய, கனத்த, பெரிய டயர் சைக்கிள்களில் கீழ்நோக்கிப் பந்தயம் விட்டார்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்துப் பிடிக்கும் பிரேக் அந்த இறக்கத்தில் சூடேறி அச்சுக்குள் இருந்த கிரீஸ் புகைந்துபோகும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் பிறகு அச்சைப் பிரித்து மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்த இறக்கத்துக்கே ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது. அங்கே பந்தயம் விட்டவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் அடுத்த ஆண்டில் மலைக்கென்றே தனியாக ஃபிரேம் செய்தார். உலகம் முழுவதும் பரவிய இந்த வண்டிக்கு, அது பிறந்த மாவட்டத்திலேயே பெரும்பாலான ஒற்றையடிப் பாதைகள் பிறகு மூடப்பட்டன. நடப்பவர்கள் எதிர்த்தார்கள். அகலப் பாதைகளிலும் மணிக்கு 15 மைல் என்று வேகத்துக்கு வரம்பு வந்தது. 1988இல் உருவான பன்னாட்டு மலைச் சைக்கிள் சங்கம் வகுத்த ஒழுக்கத்தில் ஒரு விதி, சக்கரம் காலுக்கு வழிவிட வேண்டும் என்பது. இறங்குபவர் ஏறுபவருக்கு வழிவிட வேண்டும் என்பது இன்னொன்று. இவை எங்களுக்கும் மனப்பாடம். ஆனால் அந்த விதிகளை எழுதியவர்களின் மனதில் இருந்த நடையாளி யார் என்று யோசிக்கிறேன். அவரும் விடுமுறை நாளில் காற்று வாங்க வந்தவர். சைக்கிள்காரர் நிற்காவிட்டால் திட்டுவார், எழுதிப்போடுவார், கூட்டம் கூட்டிப் பாதையை மூடவைப்பார். இருவரும் ஓய்வில் இருக்கிறார்கள். இரண்டு ஓய்வுகளுக்கு நடுவில்தான் அங்கே தகராறு. எங்கள் பாதையில் ஒருவர் வேலையில் இருக்கிறார், மற்றவர் விளையாட்டில் இருக்கிறார். வேலை விளையாட்டுக்கு ஒதுங்கி நின்று ‘போங்க சார்’ என்கிறது. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய தேவை இருந்திருக்காது. கோபப்படும் உரிமை தனக்கு இருப்பதாகவே அவர் நினைக்காததுதான் என்னைத் துரத்துகிறது.

இதைக் கூட்டத்தில் சொன்னேன். டீக்கடை பெஞ்சில், கையில் வர்க்கியோடு. எல்லோரும் கேட்டார்கள். யாரும் அலட்சியம் செய்யவில்லை. எஸ்டேட்டில் அம்மா வேலை செய்கிற நண்பர் மட்டும் நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “எங்கம்மா எல்லாத்துக்கும்தான் ஒதுங்குவாங்க. ஜீப்புக்கு ஒதுங்குவாங்க, காட்டெருமைக்கு ஒதுங்குவாங்க. நீங்க திடீர்னு நின்னீங்கன்னா இன்னும் பயந்துருவாங்கண்ணா. தோட்டத்துல வண்டிய நிறுத்தறவங்க ஏதாவது கேள்வி கேக்கத்தான் நிறுத்துவாங்க.” அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. நான் நின்று வழிவிடுவதை மரியாதை என்று நினைக்கிறேன்; அது அவருக்கு விசாரணையாகத் தெரியலாம். என் மனச்சாட்சிக்கு ஆறுதல் வேண்டும் என்பதற்காக, சுமையோடு போகிற ஒருவரை நிறுத்திவைத்து நன்றி சொல்வதும் இன்னொரு விதத்தில் அவருடைய வழியை மறிப்பதுதானோ? சில நாள் அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் போகாமல் இருப்பது எளிது. அந்த எளிமையையும் நான் நம்பவில்லை. ஹட்டியிலிருந்து வரும் தம்பி ஒன்று சொன்னான்: “எங்க ஊர்ப் பசங்களுக்கு இந்த மலையில சந்தோஷமா இருக்கற மாதிரி வேற என்னண்ணா இருக்கு?” அதுவும் உண்மை. இந்த மலையில் பிறந்தவனுக்கு இதே மலையில் வேலையும் பாரமும் மட்டும்தான் என்று யார் விதித்தது? கொழுந்து பறிப்பவரின் மகன் அதே சரிவில் காற்றைப் போல இறங்குவதில் ஒரு விடுதலை இருக்கிறது. அதை அவன் முகத்தில் பார்த்திருக்கிறேன். அவனுடைய அம்மா அவனுக்கு ஒதுங்கி நிற்பாரா என்ற கேள்விதான் அந்த விடுதலைக்கு நடுவில் கல்லாகக் கிடக்கிறது.

சில பழக்கங்களை மாற்றிக்கொண்டோம், அவ்வளவுதான் முடிந்தது. எடை போடும் நேரத்தில் தோட்டத்துப் பாதைகளில் இறங்குவதில்லை. ஹேண்டில்பாரில் பழைய பித்தளை மணி கட்டிக்கொண்டோம். தபால்காரர் சைக்கிளின் மணியைப் போல மெதுவாக, தூரத்திலிருந்தே, ‘ஒரு ஆள் வருகிறான்’ என்று மட்டும் சொல்லும் மணி. வளைவுக்கு முன்னால் வண்டியைத் தன்போக்கில் உருளவிடாமல், பிரேக்கைப் பதமாகப் பிடித்து நடைவேகத்துக்கு வந்துவிடுகிறோம். அண்ணன் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் பாடமும் இப்போது மாறியிருக்கிறது. லைனைப் பார்ப்பதற்கு முன்பு நிறுத்தக் கற்றுக்கொள் என்கிறார். சரிவில் நிறுத்துவது இறங்குவதைவிடக் கடினம். எடையைப் பின்னால் தள்ளி, முன் பிரேக்கை ஒற்றை விரலால் அளந்து அழுத்தி, சக்கரம் இழுபடாமல், மண் கீறாமல், சத்தமில்லாமல் நிற்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் பிடித்தது. இந்த விளையாட்டில் நான் கற்றவற்றில் உடம்புக்கு நிறைவு தந்தது அதுதான்.

போன மார்கழியில் அதே வளைவில் அவரை மறுபடி பார்த்தேன். இந்த முறை அவர் கீழிருந்து ஏறி வந்தார், தலையில் விறகுக்கட்டு. சீகை மரக் கிளைகள். நான் தனியாக இருந்தேன். தூரத்திலேயே இறங்கி, வண்டியைத் தூக்கிச் செடிகளுக்குள் வைத்து, நானும் உள்ளே நின்றுகொண்டு ஹெல்மெட்டைக் கழற்றினேன். அவர் என்னைப் பார்த்தார். பார்த்ததும் அவரும் பாதையை விட்டு எதிர்ப்பக்கச் செடிகளுக்குள் இறங்கி நின்றார். ஆளுக்கு ஒரு பக்கமாக நின்றோம். நடுவில் இரண்டு சாண் அகலத்தில் பாதை யாருமில்லாமல் கிடந்தது. “போங்கம்மா” என்றேன். “நீங்க போங்க” என்றார். “சுமையோட இருக்கீங்க, நீங்க போங்கம்மா.” அவர் கட்டை ஒருமுறை சரிசெய்துகொண்டு, நான் ஏன் நிற்கிறேன் என்று புரியாதவரைப் போல என் காலைப் பார்த்தார். “அங்க நிக்காதீங்க தம்பி, கவாத்துக் குச்சி குத்தும்” என்றார். பிறகு பாதையில் ஏறி, கல்லில் கால் வைத்து, அடுத்த கல்லில் கால் வைத்து, என்னைக் கடந்து போனார். சீகைப் பட்டையின் துவர்ப்பு வாசம் சற்று நேரம் நின்றது. அவர் வளைவைத் தாண்டும் வரை நான் நகரவில்லை. வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் பார்த்தேன், இரண்டு கெண்டைக்காலிலும் மெல்லிய சிவப்புக் கீறல்கள். வெந்நீர் பட்டதும் எரிந்தது.